பாதி கழித்துக் கேட்ட வலி

வயிற்று வலி என்று யார் வந்து நின்றாலும் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைப் பார்ப்பேன். முகம் எப்படி வேண்டுமானாலும் நடிக்கும். நிஜமாக வலிக்கிறவள் காலை அழுத்தி ஊன்றி நிற்க மாட்டாள் என்பது என் கணக்கு. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில், காய் பொறுக்குகிற பெண்களுக்கு மேலாளாகப் பல வருடங்களாக இருக்கிறேன். கடை என்று பெயர்தானே தவிர, அது ஒரு பெரிய குடோன். மலையிலிருந்து இறங்குகிற மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார்கள். பெண்கள் ஆளுக்கொரு சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு வெடித்த காய், வெளுத்த காய், காம்பு என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது என் சோலி. பார்த்துக்கொள்வது என்றால் நம்பாமல் இருப்பது, அவ்வளவுதான்.

அங்கே லீவு கேட்பதற்கென்று ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்கு ஒருநாள் லீவு வேண்டுமென்றால் இரண்டு நாள் கேட்பாள். நான் ஒன்று கொடுப்பேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள். ஆனால் அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். "தல பொளக்குது யக்கா" என்றால் லேசான தலைவலி. "செத்துருவேன் போல இருக்கு யக்கா" என்றால் உண்மையிலேயே தலைவலி. உள்ளபடி ஒருநாள் என்று கேட்கிற புதுப்பிள்ளைக்கு அரைநாள்தான் கிடைக்கும். இரண்டு மாதத்தில் அவளும் தேறிவிடுவாள். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சொல்கிறவள் கூட்டிச் சொல்வாள், கேட்கிறவள் பாதி கழித்துக்கொள்வாள், உண்மை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளி விட்டதும் நேராக அந்தக் குடோனுக்குத்தான் வருவாள். ஓரமாகக் கிடக்கிற மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இத்தனையையும் கேட்டுக்கொண்டேதான் எழுதினாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

எட்டாம் வகுப்புக்குப் போன வருடம் அவளுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கிறது என்றாள். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். அதிலும் திங்கட்கிழமை காலையில் கட்டாயம் வரும். திங்கட்கிழமை வலிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? "யாருகிட்டடி கதை விடுற, கெளம்பு வெரசா" என்று பையை எடுத்து மாட்டி விட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. விடியும் முன்பே போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு ஓட்டுகிறார். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள். "புள்ள மொகம் வாடிப் போச்சு, டாக்டர்ட்ட காட்டு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காட்டினோம். போடியில் இரண்டு டாக்டர், தேனியில் ஒரு ஸ்கேன், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்று கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் நான் சொன்னதுதான் சரி என்ற திமிர். கடையில் ஒருத்தி சொன்னாளென்று தொக்கம் எடுக்கிறவரிடமும் கூட்டிப் போனேன். தொண்டையிலும் வயிற்றிலும் சிக்கிக் கிடக்கிறதை வாயால் ஊதி எடுத்துவிடுவாராம். அவரும் ஊதினார், ஒரு கறித்துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். நாங்கள் கறி எடுத்தே மூன்று வாரம் ஆகியிருந்தது! வாயில் வந்ததை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கடைசியில் தேனி டாக்டர், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் வலிக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வலிக்கென்று ஒரு பிரிவா? காய்ச்சலுக்கு இருக்கலாம், எலும்புக்கு இருக்கலாம். வலி என்பது எதிலிருந்தாவது வருவதுதானே, அதற்கு மட்டும் எப்படி டாக்டர் என்று பஸ்சில் உசிலம்பட்டி தாண்டுகிற வரைக்கும் புலம்பிக்கொண்டே போனேன். மகள் ஜன்னலோரம் வயிற்றில் துணிப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட இளையவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழுக்க முழுக்க அவளிடமே பேசினார். எப்போது வரும், எப்படி வரும், வந்தால் என்ன செய்வாய், பள்ளிக்கூடத்தில் யார் சிநேகிதி. அரைமணி நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "வலி உண்மைதாம்மா. ஸ்கேன்ல தெரியற வலி இல்ல. வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற நரம்பு, சின்ன விஷயத்துக்கே பெருசா சத்தம் போடப் பழகிருச்சு. அத மெதுவாத்தான் பழைய நிலைக்குக் கொண்டு வரணும்" என்றார். மருந்து அதிகம் இல்லை. மூச்சுப் பயிற்சி, தினமும் நடை, நேரத்துக்குத் தூக்கம், வலித்தாலும் அரைநாளாவது பள்ளிக்கூடம். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. என்னமோ இடிக்கிறதே என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது.

இடித்தது அடுத்த அறையில் தெரிந்தது. ஒரு பெண் மூன்று தாள்களோடு வந்தாள். பிள்ளைகள் தங்கள் வலியை யாரிடம் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். மகள் சேர்ந்தால் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். சேராவிட்டாலும் வைத்தியம் நடக்கும். சேர்ந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விற்க வந்தவன் முந்திக்கொண்டு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னால் நான் அந்த மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். "இதுல ஒங்களுக்கு என்ன லாபம்?" என்று நேராகவே கேட்டேன். "எங்களுக்கு வலியைப் பத்தித் தெரியாதது நெறைய இருக்கும்மா, அத இந்தப் பிள்ளைகதான் சொல்லணும்" என்றாள். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

அதைவிடக் கோபம், நான் கையெழுத்துப் போட்டால் போதாதாம், மகளும் போட வேண்டுமாம். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றேன். "அவளோட வலிதானம்மா" என்றாள் அந்தப் பெண். மகள் மூன்று தாளையும் வரி விடாமல் படித்தாள். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்த நோட்ட எங்க அம்மா படிக்குமா?"

"நீயாக் காட்டினாத்தான்" என்றாள் அந்தப் பெண். மகள் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் மாட்டேன் என்றிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அதற்காகவே அவள் போட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

அந்த நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம். பத்துக்கு எத்தனை வலி, யாரிடம் சொன்னாய், என்ன சொன்னாய். எப்படி எழுத வேண்டும் என்று என் முன்னாலேயே சொல்லிக் கொடுத்ததால் அது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அந்த எண் எங்கள் பேச்சிலும் புகுந்துவிட்டது. "ம்மா, இன்னைக்கு எட்டு" என்பாள். எட்டாவது எழவாவது, ஒரு நாலு இருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டு, சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சோலிக்குக் கிளம்புவேன். எட்டுக்கு உரிய வைத்தியத்தை ஒருநாளும் நான் செய்ததில்லை.

அந்தச் சமயத்தில் குரங்கணியில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. முதல்நாள்தான் மகள் "ஒன்பது" என்று சுருண்டு படுத்திருந்தாள். காலையில் பார்த்தால் எனக்கு முன்னால் குளித்துத் தயாராக நிற்கிறாள். குரங்கணியில் இறங்கியதும் அத்தை மகள்களோடு சேர்ந்து காப்பித் தோட்டத்துப் பக்கம் ஏறினாள், இறங்கினாள். மத்தியானம் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதும் நடுவில் நின்று அப்படி ஓர் ஆட்டம்! பள்ளிக்கூடத்துக்கு வலி, மலைக்கு மட்டும் வலி இல்லையா? ஒரு தூண் மறைவில் நின்று முழு ஆட்டத்தையும் போனில் எடுத்துக்கொண்டேன். ஆசைக்குப் போட்டுப் பார்க்க எடுத்ததில்லை. ஆதாரத்துக்கு எடுத்தேன்.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது அந்தப் போனை டாக்டரம்மா மேசையில் வைத்தேன். மகள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். "இதக் கொஞ்சம் பாருங்க. மொதநாளு ஒம்பதுன்னு படுத்தவ. மறுநாளு ஆடுன ஆட்டம் இது. வலி உள்ள புள்ள இப்படியா ஆடும்?" என்றேன். டாக்டரம்மா கடைசிவரை பார்த்தார். "நல்லா ஆடுறியே" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "வலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பிள்ளைங்க ஆடும், சிரிக்கும். எந்நேரமும் அழுதாத்தான் வலின்னு இல்லம்மா" என்றார்.

இது நல்ல கதையாக இருக்கிறதே! அழுதாலும் வலி, ஆடினாலும் வலி என்றால் பிறகு எதுதான் வலி இல்லாதது? அதை அவளிடமே கேட்கத் திரும்பினேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் அணைந்துபோன என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்சில் இடம் நிறையக் காலியாக இருந்தது. எனக்கு இரண்டு சீட்டு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் அவள் வாயிலிருந்து வலி என்ற சொல்லே வரவில்லை. "வலிக்குதாடி?" என்று நானாகக் கேட்டாலும் "இல்ல" என்று ஒரே சொல். திங்கட்கிழமைகூடத் தலைசீவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதிநாளில் பள்ளியிலிருந்து திரும்பி வந்தால், டீச்சர் லீவு என்பாள், மழை வருகிற மாதிரி இருந்தது என்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடோனில் பெருமை அடித்துக்கொண்டேன். "ஆயிரம் டாக்டர் பாத்தும் கேக்காத வலி, ஒரு வீடியோ எடுத்தேன், ஓடிப் போச்சு பாத்தீகளா!" பெண்கள் சொளகைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். துணி மடித்து வைக்கும்போது சீருடைக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. படிக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சந்தேகம். இங்கே இல்லை இல்லை என்கிறாளே, அங்கே அவர்களுக்கு மட்டும் வலி வலி என்று எழுதிக்கொண்டிருந்தால்? பிடித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். நல்ல எண்ணத்தில் திறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

முதல் பக்கத்தில் இருந்தது: "நாலு. அம்மாவிடம் சொன்னேன். எட்டு என்று சொன்னேன்." அடுத்த நாள்: "மூணு. அம்மாவிடம். ஆறு என்று சொன்னேன். அம்மா பாதி கழித்துக்கொள்ளும்." வசமாக மாட்டினாள் என்று ஒரு கணம் துள்ளினேன், கூட்டித்தானே சொல்லியிருக்கிறாள் என்று. அடுத்த கணம்தான், நான் கழித்து வைத்துக்கொண்ட நாலு இந்தக் கட்டத்தில் இருக்கிற நாலுதான் என்பது உறைத்தது. என்னிடம் நாலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அவள் எட்டு சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

வேகமாகப் புரட்டினேன். காதுகுத்துக்கு முதல்நாள், "நாலரை. அம்மாவிடம். ஒன்பது என்று சொன்னேன்." காதுகுத்து அன்றைக்கு இப்படி எழுதியிருந்தாள்: "எட்டு. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எட்டு புரிய வேண்டுமென்றால் நான் பதினாறு சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் எண் இல்லை. ஆடும்போது கொஞ்ச நேரம் மறந்திருந்தது."

வீடியோவைக் காட்டிவிட்டு மதுரையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருந்தது. ஆறு, யாரிடமும் இல்லை. ஐந்து, யாரிடமும் இல்லை. ஒன்பது, யாரிடமும் இல்லை. அந்த ஒன்பதின் தேதியைப் பார்த்தேன். நான் குடோனில் பெருமை பேசிவிட்டு வந்து, அவளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்த நாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, துணி மடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

படித்ததை மறைத்திருக்கலாம். மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவளை எந்த மேசைக்கு முன்னால் வைத்து அவமானப்படுத்தினேனோ அதே மேசைக்கு முன்னால் சொல்வதுதான் முறை என்று பட்டது. அடுத்த தடவை போனபோது, "நோட்ட நான் படிச்சுட்டேன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். மகள் முகம் சிவந்துபோனது. "எப்ப?" என்றாள். சொன்னேன். "நான் வெலகிக்கிறேன்" என்று, நோட்டைப் பார்க்க வந்து நின்ற ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் அன்றைக்குக் கேலி செய்த அந்தக் கையெழுத்துக்கு இருந்த பலம் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரிம்மா. நீ வைத்தியத்துக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றாள்.

என்னிடமும் சொல்ல மாட்டாள், நோட்டிலும் எழுத மாட்டாள் என்றால் அந்த ஒன்பதை இனி எங்கே வைப்பாள்? வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது மகளே அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போனாள். "நோட்டு வேண்டாம். வீட்ல இருந்தா அம்மா படிக்கும். ஒங்களுக்குப் போன்ல சொல்லவா?" என்று கேட்டாள். என்னை வைத்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தப் பெண் சரி என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

கிளம்புமுன் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "அவளா ஒரு எண்ணச் சொன்னா 'சரி'ன்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு கேக்க வேணாம், அழவும் வேணாம். பக்கத்துல உக்காந்து மூச்சுப் பயிற்சி கூடச் செய்யுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்தேன். எனக்குத் தானாக வரக்கூடியது இல்லையே அது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவாள். இரண்டு நிமிடம்தான். நான் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன், பொய் சொல்வானேன். ஒன்றும் விளங்காது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற அந்த ஓர் எண் பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது. இவள் அங்கே நாலா சொல்கிறாள், எட்டா சொல்கிறாள் என்று மண்டை குடைந்தது. குடோனில் லீவு கேட்டு வருகிறவர்களிடம் எப்போதும்போலக் கழித்துத்தான் கொடுத்தேன்; ஒரே நாளில் மாற நான் என்ன மகானா?

வைத்தியம் மெல்ல வேலை செய்தது. முழுநாள் பள்ளியில் இருக்கிற நாட்கள் கூடின. காலையில் தகப்பன் ஜீப்பு கிளம்பியதும் எழுந்து நடந்துவிட்டு வந்தாள். என்னிடம் மட்டும் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "ம்மா" என்றாள். "இன்னைக்கு அஞ்சு."

ரெண்டரை என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிவிட்டது. சத்தியமாகச் சொல்லிவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "சரி" என்றேன். அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டேன். அவள் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"இது நீயாச் சொல்றியா, டாக்டரம்மா சொல்லிக்குடுத்ததா?"

நானாகத்தான் என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். "சொல்லிக்குடுத்ததுதான்டி" என்றேன். "எனக்கு இன்னும் கழிக்காமக் கேக்க வரல. இப்பவும் மனசு கழிச்சிருச்சு. பழகிக்கிட்டு இருக்கேன்."

அவள் வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்து, வயிற்றின்மேல் என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு இல்லம்மா" என்றாள். "உள்ளதச் சொன்னா ஏழு."